மேனேஜரை விட்டுவிட்டு வந்த நாள்

அடுக்குமாடிகளில் நின்றுபோகும் லிஃப்டுகளைப் பதினான்கு வருடமாகச் சரிசெய்து வந்ததால் அவரை எல்லோரும் லிஃப்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். லிஃப்டுக் குழிக்குள் இறங்கினால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் மேலே வரமாட்டார்.

ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் அதற்கும் காரணம் தேடினார். குடிக்கிற தண்ணீரா? தன் உடுப்பில் ஒட்டிவந்த கிரீஸா? மண்டை காய்ந்தது. அப்போதுதான் அவருடைய அக்கா போன் செய்தாள்.

"தம்பி, வீட்டுல பூனை வளர்த்தா பிள்ளைங்களுக்கு இந்த நோய் வருமாம். மெசேஜ் வந்துச்சு. முதல்ல அந்தச் சனியனைத் துரத்து."

அது சாம்பல் நிறப் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அப்பாவும் மகளும் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மகளும் மனைவியும் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மத்தியானம், அதை அட்டைப்பெட்டியில் போட்டு, பைக்கில் கொண்டுபோய், ஊருக்கு வெளியே கிடங்குகளின் பின்பக்கம் இறக்கினார். திறந்துவிட்டதும் அது ஓடவில்லை. அவர் காலைச் சுற்றிச் சுற்றி உரசியது. அவர்தான் ஓட்டம் பிடித்தார்.

"எங்கயோ போயிடுச்சு" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பூனையால வந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்லைங்க. இந்த மருந்து ஏறும்போது அது கீறாம பார்த்துக்கணும், கை கழுவணும், அவ்வளவுதான். ஏன் வந்துச்சுன்னா, எங்களுக்கே தெரியாது."

அன்றே கிடங்குகளுக்கு ஓடினார். "மேனேஜர், மேனேஜர்" என்று மூன்று நாள் கூவி அலைந்தார். "மேனேஜர் லீவு சார், என்ன விஷயம்?" என்று உள்ளேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். பூனை கிடைக்கவில்லை.

நோய் மருந்துக்குக் கேட்கவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு உடம்பு சரியில்லாமப் போனதும் மேனேஜருக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" என்று மகள் கேட்டாள்.

அவரால் தாங்க முடியவில்லை. "இல்லடா கண்ணு. அதுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். நான்தான் கொண்டுபோய் விட்டேன். உனக்கு நல்லாயிடும்னு நினைச்சேன்."

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"சாப்பாடு வச்சிட்டு வந்தியா?" என்றாள் மகள்.

"இல்லம்மா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் உயிர் போயிற்று. இடையில் அவரிடம் தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள். பூனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.