ஊருணியில் கால் வைத்த பேச்சாளன்

நீருக்குள் அமிழ்ந்திருந்த கருங்கற்படி. சித்திரை வெயிலில் வெந்த உள்ளங்கால் அதில் பட்டதும் ஏறிய குளிர்ச்சி... இன்றும் நினைவில் இருக்கிறது.

அப்போது எனக்கு அகவை இருபத்து நான்கு. ஆலங்குடியில் பேருந்தேறி, புதுக்கோட்டை நகருக்கு வெளியே ஒரு கண்மாய்க்கரை ஊரில் இறங்கினேன். ஊர்ப்பெயர் வேண்டா. அன்று மாலை அங்கே என் முதல் தனிப்பொழிவு. தலைப்பு: "நீர் போற்றிய தமிழர்".

அதுவரை பெரிய பேச்சாளர் வந்து சேரும்வரை மேடையை நிரப்பியவன் நான். அந்தக் கூட்டம் தோற்றால் அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்கப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் என் கல்லூரித் தோழர் முருகையா. காலையிலேயே ஊரைச் சுற்றிக் காட்டினார். மடைத்தூணில் தேய்ந்த கல்வெட்டு, கரைமேல் ஐயனாரின் மண்குதிரைகள், கோடையிலும் வற்றாத கண்மாய். பிறகு அவர் ஒலிபெருக்கி பார்க்கப் போக, நான் சிவன் கோயிலுக்குத் தனியே சென்றேன்.

கோயிலுக்கு எதிரே நாற்புறமும் படிகட்டிய நீர்நிலை. திருக்குளம் என்றே எண்ணினேன். கால் கழுவ இறங்கினேன்.

"யாருங்க அது! கால எடுங்க மொதல்ல!"

மேலே குடங்களோடு மூன்று பெண்கள். அதட்டியவள் பெயர் வள்ளி என்று சற்றுப் பொறுத்துத் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும்.

"கோயில் திருக்குளந்தானே, அம்மையீர்?"

"அம்மையீராம்ல! அடியே, இவரு பேசுறதக் கேளு. இது ஊருணிங்க. நாங்க குடிக்கிற தண்ணி. செந்தமிழ் பேசுனா கால் அழுக்குக் கரையாதாக்கும்?"

இன்னொருத்தி கோயில் மதிலில் ஒட்டியிருந்த கூட்டச் சுவரொட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ வள்ளி, இன்னைக்குத் தண்ணியப் பத்திப் பேச வந்தவரே இவருதான்டி!"

சிரித்தார்கள். ஏசியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"சாயங்காலம் எங்க தெருவுல ஒரு ஆளு வராது, பாத்துக்கங்க" என்றாள் வள்ளி. வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

முருகையா ஓடி வந்தார். "என்னய்யா பண்ணித் தொலைச்ச? ஊருணில கால் வச்சா வரத்துக்கால்ல பத்துக் கூடை வண்டல் அள்ளிக் கரையில கொட்டணும். எவனா இருந்தாலும் இதுதான் வழக்கம். அள்ளலன்னா கூட்டம் கிடையாது."

நீர் வரும் வாய்க்கால் அப்போது வறண்டு கிடந்தது. அள்ளினேன். மாற்று வேட்டி கொண்டுபோகவில்லை. எட்டு என்று நான் சொன்னபோது கரையிலிருந்து வள்ளி திருத்தினாள்.

"ஏழுதாங்க ஆச்சு. மேடையில ஏமாத்துங்க... இங்கிட்டு வேணாம்."

மாலையில் சேறு காய்ந்த வேட்டியோடு மேடையேறினேன். வள்ளியின் தெரு முழுவதும் வந்திருந்தது, வேடிக்கை பார்க்க. நான்கு நாள் மனப்பாடம் செய்த முன்னுரையைத் தொடங்கினேன். இரண்டாம் சொற்றொடரில் முன்வரிசைக் குரல் வெட்டியது.

"அண்ணே, அந்தப் பத்துக் கூடையச் சொல்லுங்க மொதல்ல!"

குறிப்புத்தாளை மடித்தேன். சொன்னேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. அண்ணன் கடைக்கு நான் போகவேயில்லை.

சென்ற மாதம் அதே ஊருக்கு மீண்டும் அழைத்தார்கள். நகரம் வளர்ந்து அதைத் தன்னுள் வாங்கிவிட்டது. கண்மாயில் படகு விடுகிறார்கள். கரையில் நடைபாதை, வரலாறு எழுதிய பலகை, தின்பண்டக் கடைகள். ஊருணிக்குக் கம்பிவேலி, நடுவே வண்ண விளக்கோடு நீரூற்று. குடிநீர் வீட்டுக்கு வீடு கேனில் வருகிறது. குறை கூற இதை எழுதவில்லை. குடம் சுமந்த இடுப்புகளுக்கு ஓய்வு கிடைத்தது நன்றே. வள்ளி மகளோடு திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள்.

குளிரூட்டிய அரங்கில் பேசினேன். இடையில் நா பிறழ்ந்து, அவர்கள் கண்மாய்க்கு இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்ன நொடியே தெரிந்தது. நிறுத்தினேன்... யாராவது திருத்துவார்களா என்று முன்வரிசையைப் பார்த்தேன்.

இருவர் கைப்பேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து கைதட்டல் எழுந்தது. நான் அழுத்தம் கொடுக்க நிறுத்தியதாக எண்ணினார்கள் போலும்.

நானே திருத்திச் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.