நாற்பது சைஸ் டென்னிசன்

போன வாரம் மகள் ஆன்லைனில் எனக்கொரு சட்டை வாங்கி அனுப்பியிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் புதுத்துணிக்கே உரிய கஞ்சி மணம். போட்டுப் பார்த்தால் தோள் தையல் பாதிக் கைக்கு வந்து கிடக்கிறது. “இப்ப இதுதாம்ப்பா ஃபேஷன்” என்றாள் போனில். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சட்டைப் பிரிவில் பத்து வருடம் நின்றவன் நான். மகளிடம் அதெல்லாம் எடுபடுமா?

தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். காலர் பட்டன் போட்ட பிறகும் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் சட்டை பேன்ட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வரக்கூடாது. இவ்வளவையும் நான் டென்னிசனின் உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடியப்பட்டணத்துக்காரன், என் வயதுதான். மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான், அதனால் கடைக்கு வந்தவன். நாற்பது சைஸ் சட்டையை அவனுக்காகவே தைத்தது மாதிரி இருக்கும்.

கல்ஃபிலிருந்து லீவில் வரப்போகிற கணவனுக்குச் சட்டை எடுக்கப் பெண்கள் வருவார்கள். அளவு கேட்டால் விழிப்பார்கள். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்து டென்னிசனைக் காட்டுவார்கள். “அவியளும் இவர மாதிரிதான் இருப்பாவ.” அவன் வந்து சுவரைப் பார்த்தபடி நிற்பான். நாங்கள் சட்டையை வைத்துக் காட்டுவோம். என் தோள் சோடாக்குப்பி போலச் சரிந்தது. என்னை ஒருத்தியும் காட்டியதில்லை.

விசா கிடைத்து டென்னிசனும் கல்ஃபுக்குப் போனான். ஐந்தாம் வருடம் இரண்டு சிறுநீரகமும் கெட்டுத் திரும்பி வந்தான். வாரம் இரண்டு முறை நாகர்கோவிலில் டயாலிசிஸ். நான் போய்ப் பார்த்தபோது பாயில் பாதிகூட நிறையாமல் படுத்திருந்தான்.

அடுத்த வாரம் அவன் மனைவி ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். மகளுக்குச் சர்ச்சில் முதல் நன்மை, முதன்முதலாக அப்பம் கொடுக்கிறார்கள், டென்னிசனுக்குச் சட்டை வேண்டும் என்றாள்.

“நாப்பது எடுங்க அண்ணா.”

நான் நாற்பதை எடுத்துப் போட்டு, பக்கத்தில் முப்பத்தாறு ஒன்றையும் எடுத்து வைத்தேன். அவள் அதைக் கையால் ஒதுக்கினாள்.

“அது அவிய கண்ணுல படப்பிடாது அண்ணா.”

“நீ போ. நானே வீட்டுக்குக் கொண்டு வாறேன்” என்றேன்.

முப்பத்தாறின் காலருக்குள் இருந்த லேபிளை பிளேடால் பிரித்தேன். கழித்துப்போட்ட நாற்பது ஒன்றின் லேபிளை அங்கே வைத்து ஊசிநூலால் தைத்தேன்.

சனிக்கிழமை சட்டையோடு போனேன். ஸ்டெல்லா அவனை எழுப்பி நிறுத்தி, பட்டன் போட்டுவிட்டாள். தோள் தையல் சரியாக எலும்பின் மேல் நின்றது. பீரோக் கண்ணாடியில் பார்த்தான்.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நாப்பதுதானலே?”

“நாப்பதுதான்.”

ஸ்டெல்லாவின் முகம் தெளிந்தது. சாயா போட உள்ளே போனாள். டென்னிசன் காலருக்குள் விரலை விட்டு மெதுவாக ஓட்டினான்.

“கையால தச்சிருக்க, என்னா?”

நான் குனிந்து சட்டையின் கீழ்மடிப்பை இழுத்துவிட்டேன்.

“எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லாண்டாம் மக்கா” என்றான்.

கோயிலுக்கு அந்தச் சட்டையோடுதான் வந்தான். மூன்று மாதம் கழித்து அடக்கத்துக்கும் அதையேதான் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அதுவும் பெரிதாக இருந்தது. முப்பத்தாறுக்குக் கீழே எங்கள் பிரிவில் அளவே கிடையாது.

அதற்குப் பிறகும் பழைய வாடிக்கைப் பெண்கள் சிலர் வந்து, “அந்த அண்ணன் இல்லியா?” என்று கடையைச் சுற்றிப் பார்ப்பார்கள். கல்ஃபில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். இப்போது அந்தக் கடை இல்லை. அவனை யாரும் கேட்பதும் இல்லை.