எல்லோரும் முக்காடு போட்ட இடம்

மார்பில் கட்டி தட்டுப்பட்டபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. மதுரையில் பயாப்சி (சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து புற்றுநோய் என்றார்கள். அழுதேன். கோபம் வந்தது முடி கொட்டிய பிறகு.

கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) தொடங்கினால் முடி போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "திரும்ப முளைச்சிரும், பயப்படாதீங்க." கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியதும் மழித்துவிட்டேன்.

காரைக்குடியில் பெண்ணுக்கு மொட்டைத் தலை என்றால் ஒரே அர்த்தம்தான். பால் வாங்கப் போனாலும், "எந்தக் கோயிலுக்கு முடி இறக்குனீக? பழனியா?" என்பார்கள். நோய் என்றால் முகம் சுருங்கும். தெருவில் முக்காடு போட்டால் அதற்கும் கேள்வி. பிள்ளையார்பட்டி வரிசையிலும் விடவில்லை. என் பிள்ளையார் முன்னால்கூட நிம்மதியாக நிற்க முடியவில்லை, போங்கள்!

ஒரு ஞாயிறு காலை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த வேதக்கோயிலுக்குள் (கிறிஸ்தவ தேவாலயம்) பெண்கள் போவதைப் பார்த்தேன். எல்லோர் தலையிலும் முக்காடு. நானும் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அப்பாடா, பத்தோடு பதினொன்றாக இருந்தேன்.

பூசை முடிந்ததும் அந்தக் கோயிலுக்கு வழக்கமாக வரும் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுசா வந்திருக்கீக. யாரு கூட்டியாந்தா? என்ன குறைக்குச் செபிக்கணும்?"

"சும்மா உக்கார வந்தேன்க்கா."

"ஆண்டவர் கூப்பிடாம யாரும் வரமாட்டாக."

நல்ல மனசுதான். ஆனால் என் காரணத்தை அவரே எப்படிச் சொல்லலாம்?

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போயிருந்தது. நாத்தனார் வாசலிலேயே பிடித்தாள். "மதினி, வேதத்துல சேந்துட்டீகளாமே? எங்கண்ணன் மானத்த வாங்கவா?"

பற்றிக்கொண்டு வந்தது. முக்காட்டைத் தள்ளினேன். "கீமோவுக்கு ஒரு நாளாவது எங்கூட வந்து உக்காந்தியா? இந்தத் தலைய யாரும் பாக்காத எடம் அதுதான். அதுக்குத்தான் போனேன்."

தச்சுப் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர், "அடுத்த ஞாயித்துக்கெழம நானே கொண்டுபோயி விடுறேன்" என்றார்.

சிகிச்சை முடிந்துவிட்டது. முன்பு அடுத்த ஊசியை வைத்துத்தான் நாள் நகரும். இப்போது தலையைத் தடவிப் பார்த்துத்தான் நாள் போனதே தெரிகிறது. முடி விரல்கணு அளவு வளர்ந்திருக்கிறது, இன்னும் போகிறேன். ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

போன வாரம் கடைசி வரிசையில் ஒரு புதுப் பெண் இருந்தாள். முக்காட்டுக்குக் கீழே புருவம் இல்லை. அதே அம்மா அவளிடம் வந்தார்.

நான் எழுந்து குறுக்கே நின்றேன். "அக்கா, அவுகள உக்கார விடுங்க."

பிறகு நானும் சேலையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை.