ஓரத்தில் நின்ற தாய்மாமன்

மணவாளனின் மோதிர விரல் சந்தனக் கிண்ணத்துக்கும் சாமான்களுக்குமாகப் போய்வந்து கொண்டிருந்தது. ஸ்டாண்டுக்கு ஒரு பொட்டு, ஃப்ளாஷுக்கு ஒன்று, கம்ப்யூட்டர் நெற்றியில் ஒன்று. ஆயுத பூஜை. புது கேமராவிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அதுக்கு மட்டும் இன்னா யோசன?" என்றாள் மனைவி தாட்சாயிணி.

"சந்துல பூந்துடும்."

"சோறு போடறது அது. ஸ்டூலுக்கு வெச்சிட்டு அத வுட்டா நல்லா கீதா?"

அவர் லென்ஸைக் கழற்றினார். பின்பக்கத்தில், கேமராவோடு பொருந்துகிற வெள்ளி வளையம் இருக்கிறதே, அதன் ஓரமாகச் சந்தனமும் குங்குமமுமாக ஒரு சின்னப் பொட்டு வைத்தார். உலோகம்தானே, துடைத்தால் போய்விடும் என்பது கணக்கு. மறுநாள் துடைக்கவும் செய்தார், சட்டை நுனியால். குங்குமம் வந்துவிட்டது. காய்ந்த சந்தனம் மெல்லிசாக வளையத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டியவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி ஆயுசு லேத் ஓட்டியவர். கம்பெனியை மூடிய பிறகு, பொழுதுபோக்காக இருந்த படம் எடுப்பதையே தொழிலாக்கி, கள்ளிக்குப்பத்தில் ஒரு ஷட்டர் கடை பிடித்தார். அங்கே பழைய குடும்பங்களில் எந்த விசேஷம் என்றாலும் மணவாளன்தான்.

இந்தக் கேமரா அவர் வாங்கியதிலேயே பெரியது. ஒரு படத்தில் ஆறு கோடிப் புள்ளி. வந்த நாளிலிருந்து அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. மூச்சு விட்டால் ஆட்டம் தெரியும். பழைய லென்ஸை மாட்டினால் அதன் வண்டவாளமெல்லாம் வெளியே வரும். கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறக்கவே முக்கி முனகும். "மாப்ளைய ஊட்டோட வெச்சிகினா மாதிரி கீது" என்பாள் தாட்சாயிணி. ஆனால் படம் சரியாக விழுந்துவிட்டால் பட்டுப்புடவையின் இழையை எண்ணலாம். அதற்காகவே அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

பூஜை முடிந்து, பொட்டு வைத்த அந்த லென்ஸை முதலில் மாட்டியது வாடிக்கைக் குடும்பத்து எழிலரசியின் மகன் காதுகுத்துக்கு. மடியில் வைத்துக் காது குத்தியதையெல்லாம் வேறு லென்ஸில் எடுத்தார். மொத்தக் குடும்பத்தையும் நிற்க வைத்து எடுத்த படத்துக்கு மட்டும் இது. நடுவில் மொட்டைத் தலையோடு குழந்தை. இடது ஓரத்தில் தாய்மாமன் பச்சையப்பனும் அவர் வீட்டுக்காரர்களும். ஆல்பத்தில் சின்னதாகப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. எழிலரசி வீட்டுச் சுவரில் மாட்ட ஆள் உயரத்துக்குப் போட்டார்கள். பச்சையப்பன் பார்க்க வந்தார். வலது பக்கம் எழிலரசி புருஷன் வீட்டாரின் காதுத் தோடு வரை பளிச்சென்று இருந்தது. இடது ஓரத்தில் அவர் முகமும் அவர் வீட்டார் முகங்களும் மட்டும் தண்ணீருக்கடியில் கிடந்தது போல இருந்தன. காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அழைப்பிதழில் அவர் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று ஏற்கெனவே ஒரு புகைச்சல் இருந்தது. இப்போது அது பற்றிக்கொண்டது. எழிலரசி கடைக்கு வந்து நின்றாள்.

"எங்கண்ணன் போன் எடுக்க மாட்டேங்குதுண்ணா. 'உன் ஊட்டுக்காரன் சொல்லித்தான் போட்டோக்காரன் என்னிய அழிச்சான். இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், நீயும் வராத'ன்னு அண்ணிகிட்ட சொல்லி அனுப்புது."

"உன் ஊட்டுக்காரர் இன்னா சொல்றாரு?"

"'போனா போவட்டும்'ன்றாரு. அவருக்கு இன்னா? அப்பா அம்மா போனப்புறம் எனக்கு ஆத்தா ஊடுன்னு கீறது அது ஒண்ணுதான்."

யாரும் தன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றார் மணவாளன். அது அவளுக்கும் தெரியும். அண்ணன் நம்ப வேண்டுமே.

அவள் போனதும் கடைக்கு எதிர்ச் சுவரைப் படம் எடுத்தார். வலது பக்கம் சிமெண்ட் பூச்சில் மணல்கூடத் தெரிந்தது, இடது பக்கம் மங்கல். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தார். இப்போது வலது பக்கம் மங்கல். வேறு லென்ஸில் எங்கும் மங்கல் இல்லை. ஆக, கோளாறு இந்த லென்ஸில்தான். கழற்றிப் பெட்டியில் வைத்து ரிப்பேருக்கு அனுப்பிவிடலாம் என்று கையில் எடுத்தார்.

லேத்தில் இரும்பை மாட்டுமுன் அதன் முகத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார்கள். அடியில் முடியளவு தூசி இருந்தாலும் இரும்பு சாய்ந்து உட்காரும், கடைசல் கோணிப் போகும். அந்தப் பழக்கத்தில் விரல் தானாக வளையத்தைச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் சொரசொரத்தது. நகத்தால் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"நீதான் வைக்கச் சொன்ன" என்றார் வீட்டுக்கு வந்து.

"வைக்கச் சொன்னேன். தொடைக்காதன்னு சொன்னேனா?" தாட்சாயிணி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "லேத்துக்காரராம்!"

அதே படத்தை மறுபடி எடுக்க வழியில்லை. குழந்தைக்கு முடி முளைத்துவிட்டது, உறவுகளும் கலைந்துவிட்டன. எழிலரசிக்குப் போன் போட்டார். "காலைல கொயந்தயோட உங்கண்ணன் ஊட்டுக்கு வந்துடு."

"கதவு தொறக்கலன்னா?"

"நான் முன்னாடி போறேன். அடிச்சா எனக்குத்தான் மொதல்ல விழும்."

மறுநாள் காலை பச்சையப்பன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்த மணவாளனைப் பார்த்ததும் துப்பினார்.

"இன்னா மணவாளா, மிச்சம் கீறதயும் அழிக்க வந்தியா?"

"உங்கள மறைச்சது சந்தனம்ணே. உங்க மச்சான் இல்ல."

"கத வுடாத."

மணவாளன் வளையத்தில் சந்தனம் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி லென்ஸை மாட்டினார். பச்சையப்பனை இடது ஓரமாக நிற்க வைத்து ஒரு படம். காகிதத்தை எடுத்துவிட்டு, வளையத்தைத் துடைத்து இன்னொன்று. இரண்டையும் கேமராத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். முதல் படத்தில் அதே தண்ணீர் முகம். இரண்டாவதில் தாடையில் ஒட்டியிருந்த பற்பசை நுரை வரைக்கும் தெரிந்தது.

பச்சையப்பன் முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார்.

"மீசைல இது இன்னாது, வெள்ளையா?"

"டை வுட்டுப் போச்சுண்ணே. இதுக்கு எல்லாம் தெரியும்."

கேட்டுக்கு வெளியே குழந்தையோடு நின்றிருந்த எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா இளிக்கிற? வெய்யில்ல புள்ளய வெச்சிகினு! உள்ள வா, அண்ணி இட்லி ஊத்தறா" என்று கத்திவிட்டு, பச்சையப்பன் டை அடிக்க உள்ளே போனார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மணவாளனும் இட்லி சாப்பிட்டார். குழந்தை சட்டையெல்லாம் சட்னி பூசிக்கொண்டது, எழிலரசி வேறு சட்டை மாற்றினாள். கருகருவென்ற மீசையோடு பச்சையப்பன் வந்து முற்றத்தின் நடுவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தை மீசையைப் பிடிக்கக் கையை நீட்டியது. "ஈரமா கீது, தொடாத நைனா" என்று இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து மடியில் அமர்த்திக்கொண்டார். எழிலரசியை நாற்காலியின் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்.

மணவாளன் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.