மேகத்துக்குள் போன ராக்கெட்டும் பிந்தி வந்த சத்தமும்

ராக்கெட் ஏவும் நாளன்று எழுந்ததும் முதல் வேலையாக மொட்டைமாடிக்குப் போய் மேகம் பார்த்தேன். நிறையவே இருந்தது. ஆனாலும் கிளம்பினேன்.

போன மழைக்காலத்தில், ராணுவத்தில் இருக்கும் என் தம்பி எல்லை மலையில் மண்சரிவில் சிக்கினான். நான்கு நாள் மேகம் விலகவில்லை, ஹெலிகாப்டர் போகவில்லை. மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் படமெடுக்கும் ராடார் உளவுச் செயற்கைக்கோள்தான், பாதை எங்கே அறுந்திருக்கிறது, எப்படிச் சுற்றி வரலாம் என்று காட்டியதாம். தம்பி நடந்தே இறங்கி வந்தான். அதே வகையில் இன்னொன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புகிறது என்றதும் நேரில் நின்று கும்பிடத் தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்து விவரம் சொல்லும் வேலை என் மகளுக்கு டெல்லியில் கிடைத்திருக்கிறது. என்ன பார்த்தாள் என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாத வேலை. இரண்டு வாரமாக வேண்டாம் என்றே சொல்லிவந்தேன். அவள் பதில் தரத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

பொன்னேரியில் 6.50 ரயில், கும்மிடிப்பூண்டிக்கு ஐந்து ரூபாய். கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஏழுமலையின் ஆட்டோ கிடைத்தது. ஆரம்பாக்கத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், முந்நூறு ரூபாய்.

"இன்னாக்கா, இன்னிக்குப் போற சாட்டிலைட்டு மேலேருந்து என் வண்டி நம்பரைக்கூட படிக்குமாமே?"

"நம்பரெல்லாம் தெரியாதுப்பா. வண்டி நிக்குதா, நகர்ந்துச்சான்னு தெரியும். அதுவும் சுத்தி வர்றப்போ மட்டும்தான். எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்காது."

"அப்போ எங்க ஊட்டுக்காரி அதுக்கும் மேல."

ஆரம்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டு மாடியிலேயே நின்று பார்க்கச் சொன்னார் ஏழுமலை. மனைவி செல்வி டீ கொடுத்தார். 9.17க்குப் பனைமரங்களுக்கு மேலே ஆரஞ்சு வெளிச்சம் எழுந்தது. இருபது நொடியில் மேகம் விழுங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"எங்கக்கா கெளம்பிட்ட? புதுசா வர்றவங்கல்லாம் இப்பிடித்தான் எறங்கிப் பூடுவாங்க. சத்தம் இன்னும் வரல, நில்லு" என்றார் செல்வி.

"அவ சொன்னா நின்னுடணும்க்கா. நான் இருவது வருசமா நின்னுக்கினுதான் இருக்கேன்" என்றார் ஏழுமலை.

நின்றேன். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். தண்ணீர் டிரம்மின் மூடி கடகடத்தது. பிறகு நெஞ்சுக்குள் இடித்தது அந்தச் சத்தம். கண்ணில் படாத ஒன்று, மேகத்துக்கு அந்தப் பக்கம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்த நான் கைகூப்பினேன். செல்வியும் எதற்கென்று கேட்காமலே கைகூப்பினார்.

போக நினைப்பவர்களுக்கு: ராக்கெட் கிளம்பும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். குடை வேண்டும். யார் வீட்டு மாடியானாலும் கேட்டுவிட்டு ஏறுங்கள். சத்தம் வரும்வரை இறங்காதீர்கள்.

டெல்லிக் குளிர் தாங்கும் ஸ்வெட்டர் பொன்னேரியில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் வாங்கப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும்.