தேயிலையோரத்து வல்லாரை

எனக்குப் பேராசிரியர் பதவி வாங்கித் தந்த ஆராய்ச்சிக் கட்டுரை பொய். பொய் என்று தெரிந்தேதான் இத்தனை ஆண்டுகளாக அதை வைத்துப் பிழைக்கிறேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் சாகக் கிடந்தார்... வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேரளத்துச் சித்தூரில் குடியிருக்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். என் ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு நொதியைப் பற்றியது. நரம்புகளுக்கிடையே செய்தி போய்ச் சேர்ந்தபின் மிச்சத்தைத் துடைத்துவிடும் நொதி அது. அதைச் சற்றே தடுத்தால் மறதி நோயாளிக்கு நினைவு கொஞ்சம் தேறும். அதிகம் தடுத்தால் வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, மூச்சு நிற்கும். சில பூச்சிமருந்துகள் பூச்சியைக் கொல்வதும் இதே நொதியை முடக்கித்தான்.

வல்லாரை நினைவுக்கு நல்லது என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மெய்ப்பிக்கப் புறப்பட்டேன். சூரியநெல்லி மலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா எனக்கு இலை அனுப்பினார். முதல் பையிலேயே நொதி அடங்கிப்போனது! கட்டுரை எழுதினேன். வெளிவந்தது. மாலை, கைதட்டல், பதவி உயர்வு...

அதன் பிறகு இரண்டாவது பை வந்தது. நொதி தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூன்று முறை சோதித்துவிட்டுப் பேச்சியம்மாவை அழைத்தேன்.

"இது நாங்க குடியிருக்கற லயத்து வீட்டுக்குப் பின்னால பறிச்சது சார். போன தடவை தேயிலையோரத்து வடிகால்ல பறிச்சேன். அங்க முந்தின நாளுதான் பூச்சிமருந்து அடிச்சிருந்தாங்க. அதான் இந்த வாட்டி சுத்தமான இலையாப் பாத்து அனுப்புனேன்."

தடுத்தது வல்லாரை அல்ல என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது. வேறோர் இடத்து இலையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும்; முதலாண்டு மாணவன்கூட அதைச் செய்திருப்பான். பிழை யாருக்கும் வரும். ஆனால் நான் அவரிடம் சொன்ன பதில் பிழையல்ல.

"பழைய இடத்துலயே பறிச்சு அனுப்புங்க பேச்சியம்மா. அந்த இலையிலதானுங்க சத்து இருக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன்? கட்டுரையைத் திரும்பப் பெற வெட்கம். அவ்வளவுதான். வெறுங்கையால் பறிப்பாரே என்று நினைத்தேனா? நினைத்தேன்!

பேச்சியம்மாவின் கணவர் மாடசாமிக்கு மறதி. கடைக்குப் போனால் லயத்துக்குத் திரும்பும் வழி தெரியாமல் நிற்பார். என் சொல்லை நம்பிய பேச்சியம்மா, எனக்குப் பறிப்பதிலேயே ஒரு கைப்பிடி எடுத்துப் பச்சையாக அரைத்து, காலையில் அவருக்குக் கொடுத்துவந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

"இவருக்கு வேத்துக் கொட்டுது சார், வாயில எச்சி ஒழுகுது. டாக்டரு விஷம் குடிச்சிருக்காருங்காரு. வல்லாரைச் சாறு தவிர ஒண்ணும் குடிக்கலையே சார்! அதுல எதுவும் இருக்குமா?"

அதற்கு விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"வல்லாரையில ஒண்ணும் இருக்காதுங்க" என்றேன். பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! "சாறு மட்டும் இனிமே குடுக்க வேண்டாமுங்க" என்றும் சொல்லி வைத்தேன். காரணம் சொல்லவில்லை.

டாக்டர் அறிகுறி பார்த்தே வைத்தியம் செய்ததால் மாடசாமி பிழைத்தார். ஆனால் அவர் சாகத்தான் குடித்தார் என்று லயத்தில் முடிவுகட்டிவிட்டார்கள். பெண்டாட்டி என்ன பாடு படுத்தினாளோ என்று பேச்சு வேறு. இல்லையென்று சொல்ல வேண்டியவருக்கோ முந்தின நாள் சாப்பிட்டதே நினைவில்லை.

போன வாரம் பேச்சியம்மா மறுபடி பேசினார்.

"முதல்ல குடிக்கவே இல்லைன்னுதான் சார் சொல்லிட்டிருந்தாரு. ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு, இப்ப அவரே ஆமா குடிச்சேன்ங்காரு. நான் என்ன கொறை வச்சேன்னு கேட்டா, ஞாபகம் இல்லைன்னு அழுதாரு."

பேச்சியம்மா மூக்கைச் சிந்திவிட்டு, இந்த மாதம் எத்தனை பை வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு என்றேன். பழைய இடத்திலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.