கை எட்டிய மட்டும் வெள்ளை

பூச்சி, நீ போன செய்தி தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான் எனக்கு வந்தது. அன்றன்றே கூலி தருகிற கைக்காசு வேலைக்குப் போயிருந்தேன். நிறுப்பதற்கு வரிசையில் நிற்கும்போது, உன் கரையில் மீன் பிடிக்கிற அன்ரன் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, உங்கட தங்கச்சி போயிட்டா. காலமை வெளிச்சவீட்டடியில சாய்ஞ்சிருந்தவ. நித்திரையெண்டு நினைச்சம்" என்றார். அதற்குள் என் முறை வந்துவிட்டது. "என்னம்மா, சாக்கத் தூக்குங்க" என்றார் கங்காணி. தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சின்ன வயதில் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் அம்மா நம் இருவருக்கும் சொல்வது நினைவிருக்கிறதா? "தொலைஞ்சிட்டா தேடித் திரியாதீங்கடி. பெரட்டுக்களத்துல வந்து நில்லுங்க, நான் வருவேன்." காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது, எல்லோருக்கும் தெரிந்த இடம். ஒரு தடவை நீ தனியாக அங்கே வெகுநேரம் நின்றாய். அம்மா ஏசிக்கொண்டே வந்தபோது, "நான் எங்க தொலைஞ்சேன்? நீதான் தொலைஞ்சு போன" என்றாய். அடிக்க ஓங்கிய கையை வைத்துக்கொண்டே அம்மா சிரித்தாள்.

கலவரத்தில் நம் லயத்து வீடுகளுக்குத் தீ வைத்த வருஷம், நீ புருஷனோடு லொறி ஏறி வடக்கே போனாய். பக்கத்துச் சிங்கள ஊர் மெனிக்கே அக்கா எங்களைத் தன் வீட்டில் மறைத்து வைத்ததால் நான் இங்கேயே தங்கிவிட்டேன். உன் குடிசை வாசலிலிருந்து பார்த்தால், கடலில் வருகிற கப்பலுக்கு வழி காட்டுகிற வெளிச்சவீடு தெரியும் என்றாய். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. நீ போன புதிதில் அதில் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. "பெரியதொரை பங்களா மாதிரி வெள்ளையா இருக்குக்கா. கிட்டப் போனா யாரும் வெரட்ட மாட்டாங்க, அது ஒண்ணுதான் வித்தியாசம்."

சண்டை வந்ததும் விளக்கை அணைத்தார்கள். ஷெல் விழுந்து கோபுரத்தின் தலை போனது. இன்னொரு ஷெல்லில் உன் புருஷனும் போனார். சனமெல்லாம் ஓடின நாளில் மகள் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா சொன்னதைத்தான் நீயும் சொன்னாய்: "கை விட்டுப் போச்சுன்னா தேடாத. வெளிச்சவீட்டடியில வந்து நில்லு, அம்மா வருவேன்." கை விட்டுப் போனது. சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்டதும் நீ எங்களிடம் வரவில்லை. நேரே அங்கே போனாய்.

சில வருஷம் கழித்து உன்னைக் கூட்டிப்போக வந்தேன். "வாடி, லயத்துல எடம் இருக்கு" என்றேன்.

"நான் வந்துட்டா அவ யாரப் பாத்து நிப்பா?"

"இத்தன வருசமா வராதவளா இனி வரப் போறா?"

நீ கோபப்படவில்லை. "செத்துட்டான்னு யாராச்சும் கண்ணால பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாய்.

பொங்கலுக்கு லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போமே, அதுபோல நீ வருஷாவருஷம் வெளிச்சவீட்டுக்கு அடித்தாய். தூரத்திலிருந்து வருகிறவளுக்குத் தெரிய வேண்டுமே. கை எட்டிய மட்டும் வெள்ளை. அதற்கு மேலே கறுத்த பாசி. "பாதி முகத்துக்குப் பவுடர் பூசின மாதிரிக் கிடக்கு" என்று அன்ரன் கேலி செய்தார். "ஏணியக் குடு தம்பி, மீதி முகத்துக்கும் பூசி விடுறேன்" என்றாய்.

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம் சனங்களிலேயே சிலர் பேசினார்கள். உனக்கு எழுதுகிற இதை வாசிக்கிற அவர்களுக்கும் சொல்கிறேன். மகளை நிற்கச் சொன்ன இடத்தில் தாயும் நின்றாள், அவ்வளவுதான்.

உன்னை மணலில் அடக்கம் பண்ணிய பிறகு கோபுரத்தைச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த இரும்புப் படிகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆடுகள் படுத்துக் கிடந்தன. கடல் அடியை அரித்து அத்திவாரக் கல் வெளியே தெரிகிறது. கடல் பக்கமாகச் சாய்ந்தும்விட்டது. "இந்த மாரி தாங்காது அக்கா" என்றார் அன்ரன். உன் வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, நானும் என் கை எட்டிய மட்டும் அடித்தேன்.

உன்னுடையது என்று நான் கொண்டுவந்தது நீ சுண்ணாம்பு அடித்த தும்புக்கட்டை ஒன்றுதான். கூரை இடுக்கில் சொருகி வைத்திருக்கிறேன். அதன் நார்களில் இன்னும் சுண்ணாம்பு காய்ந்திருக்கிறது.

ராணி நம் தோட்டத்துக்கு வந்ததே இல்லை. பெரட்டுக்களம் அவளுக்குத் தெரியாது. வெளிச்சவீடு விழுந்த பிறகு அவள் வந்தால், எங்கே நிற்பாள், பூச்சி?